வாய்ச்சொல்லும் எண்ணெய் விலையும்

1991ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 9ஆம் திகதி. அமெரிக்க இராஜாங்கச் செயலாளர் ஜேம்ஸ் பேக்கரும் ஈராக்கிய வெளிநாட்டமைச்சர் தாரிக் அஸீஸும் ஜெனீவா நகரில் பேச்சுவார்த்தைக்கு அமர்ந்தனர். குவைத்தை ஈராக் கைப்பற்றி ஐந்து மாதங்கள் கடந்திருந்தன. பேச்சு ஆறு மணித்தியாலங்களுக்கும் மேலாக நீண்டது. இவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்றால் சமாதானம் வரப்போகிறது என்று எண்ணெய் வியாபாரிகள் கணக்குப் போட்டனர். விலை இறங்கியது. பின்னர் பேக்கர் செய்தியாளர் முன்வந்து, "வருந்தத்தக்க வகையில்" என்று பொருள்படும் ஒரு சொல்லைச் சொன்னார். வசனம் முடியும்வரை சந்தை காத்திருக்கவில்லை. விலை மேலே பாய்ந்தது.

அந்த நாட்களில் வடபகுதியில் நாம் ஜாம் போத்தல் விளக்கில் படித்துக்கொண்டிருந்தோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வானொலிச் செய்தி கேட்டோம். அன்று எமது விளக்கை மங்கச் செய்தது ஜெனீவா அல்ல, பொருளாதாரத் தடை. உலகச் சந்தையில் எண்ணெய் மலிந்தாலும் எமக்கு மலியவில்லை. இன்று நிலைமை வேறு. 2022 ஓகஸ்ட் மாதத்தில் இலங்கையில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே நாளில் உயர்த்தப்பட்டது. ரூபாயின் வீழ்ச்சியும், நெடுங்காலமாக அடக்கி வைக்கப்பட்டிருந்த விலையும், உலகச் சந்தையும் சேர்ந்தே அந்தச் சுமையை எமது தலையில் ஏற்றின. எங்கோ ஒருவர் பேசும் பேச்சு எமது கிணற்றடிக்கு வந்து சேரும் காலம் இது. எனவே அது எவ்வாறு வருகிறது என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

இது எமக்குப் புதிய விடயமல்ல. வெங்காயம் கிண்டும் காலத்தில், "கப்பலில் வெங்காயம் வருகுதாம்" என்று ஒரு தரகர் சந்தையில் சொல்லிவிட்டுப் போகிறார். கப்பலை எவரும் கண்டதில்லை. ஆனால் அன்று பின்னேரமே விலை விழுகிறது. வாங்குபவர் இன்றைய வெங்காயத்துக்கு மட்டும் விலை பேசுவதில்லை. நாளைக்கு என்ன நடக்கும் என்ற எண்ணத்துக்கும் சேர்த்தே பேசுகிறார். லண்டனிலும் நியூயோர்க்கிலும் நடப்பதும் இதுவே. அங்கே இனி வரும் மாதங்களில் ஒப்படைக்கப்படவேண்டிய எண்ணெய்க்கு இன்றே விலை பேசப்படுகிறது. வாங்குபவர்களிற் பலர் ஒரு பீப்பாயையேனும் கண்ணால் காணப்போவதில்லை. அவர்கள் வாங்குவதும் விற்பதும் எதிர்பார்ப்பையே. எதிர்பார்ப்பை அசைக்க ஒரு பெரியவரின் வாய் போதும்.

2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தைப் பாருங்கள். உக்ரேன் மீது ரஷ்யா படையெடுத்துச் சில நாட்களே ஆகியிருந்தன. மார்ச் 6ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, ரஷ்ய எண்ணெயைத் தடைசெய்வது பற்றி ஐரோப்பிய நாடுகளுடன் பேசி வருவதாக அமெரிக்க இராஜாங்கச் செயலாளர் அன்டனி பிளிங்கன் தொலைக்காட்சியில் கூறினார். சந்தை திறந்ததும் பிரென்ட் எண்ணெய் பீப்பாய்க்கு 139 டொலர்வரை ஏறியது. 2008ஆம் ஆண்டுக்குப் பின் காணாத விலை அது. மூன்று நாட்களின் பின், ஐக்கிய அரபு இராச்சியத்தின் வாஷிங்டன் தூதுவர், உற்பத்தியை அதிகரிப்பதையே தமது நாடு விரும்புகிறது என்றார். அன்று ஒரே நாளில் விலை ஏறத்தாழ 13 வீதம் வீழ்ந்தது. சிறிது நேரத்தில் அதே நாட்டின் எரிசக்தி அமைச்சர், ஏற்கெனவே செய்த உற்பத்தி உடன்படிக்கையிலேயே தாம் நிற்பதாக அறிவித்தார். தூதுவர் பேசியதற்கும் அமைச்சர் பேசியதற்கும் இடையில் ஒரு பீப்பாய் எண்ணெயாவது கூடுதலாக நிலத்திலிருந்து எடுக்கப்பட்டதா? இல்லை. ஆனால் அந்த இடைவெளியில் பெரும் பணம் கைமாறிவிட்டது.

ஆயினும் எல்லாவற்றையும் பேச்சின் தலையில் சுமத்துவது சரியல்ல. 2020 ஏப்ரல் 2ஆம் திகதி, சவூதி அரேபியாவும் ரஷ்யாவும் ஏறத்தாழ ஒரு கோடி பீப்பாய் உற்பத்தியைக் குறைக்கும் எனத் தாம் எதிர்பார்ப்பதாக அமெரிக்க ஜனாதிபதி ட்ரம்ப் எழுதினார். அமெரிக்க எண்ணெயின் விலை அன்று ஏறத்தாழ 25 வீதம் உயர்ந்தது. பத்து நாட்களில் உடன்படிக்கையும் வந்தது. ஆனால் கொவிட் தொற்றினால் உலகமே முடங்கியிருந்தது, எண்ணெய் வாங்குவார் இல்லை, தாங்கிகள் நிரம்பிக்கொண்டிருந்தன. ஏப்ரல் 20ஆம் திகதி, மே மாத ஒப்படைப்புக்கான அமெரிக்க எண்ணெயின் விலை பூச்சியத்துக்கும் கீழே 37 டொலரையும் தாண்டிச் சென்றது. கையிருப்பின் உண்மைக்கு முன் எந்தத் தலைவரின் வாக்கும் நெடுநாள் நிற்பதில்லை. பேச்சு காற்றைப் போன்றது. ஈர விறகில் அது ஒன்றும் செய்யாது. காய்ந்த சருகில் பெருந்தீயை மூட்டும்.

இந்தத் தீயில் எல்லோரும் ஒரேயளவாக வேகுவதில்லை என்பதே எனது ஆதங்கம். பெரிய கம்பனிக்குத் தாங்கி உண்டு, கடன் வசதி உண்டு, விலை ஏறினாலும் இறங்கினாலும் நட்டம் வராமல் செய்யும் ஒப்பந்தங்கள் உண்டு. இடம்பெயர்ந்து வந்து, குத்தகைக் காணியில், வாடகை இயந்திரத்தால் தண்ணீர் இறைக்கும் குடும்பத்துக்கு என்ன உண்டு? மிளகாய் பூக்கும் நேரத்தில் இரண்டு இறைப்புத் தவறினால் அந்தப் போகமே போய்விடும். ஆகவே வட்டிக்கு வாங்கியாவது எண்ணெய் வாங்குகிறார்கள். பிறகு உலக விலை இறங்கலாம், வட்டி இறங்குவதில்லை. விலை ஏறும்போது முயலாகவும் இறங்கும்போது ஆமையாகவும் கடைக்கு வந்து சேருவதை நீங்களே அறிவீர்கள்.

தலைவர்கள் வாய்மூடி இருக்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை. எல்லாம் இரகசியமாக நடந்தால் உள்ளே இருப்பவர்கள் மட்டுமே இலாபம் அடைவார்கள். தீர்மானித்ததைச் சொல்லட்டும், சொன்னதில் நிற்கட்டும் என்றே கேட்கிறேன். கைதட்டலுக்காகவும் எதிரியை மிரட்டுவதற்காகவும் விடப்படும் வார்த்தை, யாரோ ஓர் ஏழையின் அடுப்பிலும் விளக்கிலும் வரி அறவிடுகிறது. அந்த வரியை எந்தப் பாராளுமன்றமும் நிறைவேற்றவில்லை.

நாம் செய்யக்கூடியதும் உண்டு. அடுத்த தடவை வானொலியில் இப்படியொரு செய்தி வரும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எண்ணெய் உண்மையில் நின்றுவிட்டதா, அல்லது நிறுத்துவோம் என்ற பேச்சு மட்டுமா? சொன்னவருக்கு அதைச் செய்யும் அதிகாரம் உண்டா? பயந்து வாங்கினால் யாருக்கு இலாபம்? பதற்றத்தில் கடன்பட்டுக் கான்களில் எண்ணெய் நிரப்பிக் குடிசைக்குள் வைக்காதீர்கள். அது கடனோடு தீயையும் வீட்டுக்கு அழைப்பதாகும். போகம் தொடங்குமுன்னரே கமக்காரர் அமைப்பாகக் கூடி, இறைப்புக்கு எவ்வளவு எண்ணெய் தேவை என்று கணக்கெடுத்து, கமநல சேவை நிலையத்திடமும் கூட்டுறவுச் சங்கத்திடமும் எழுத்தில் கேளுங்கள். தனித்தனியே கேட்டால் அது முறைப்பாடு. பயிர்ச்செய்கைப் பரப்பும் லீற்றர் கணக்கும் சேர்த்து ஊராகக் கேட்டால் அது கோரிக்கை. பயிரின் அடியில் வைக்கோலும் சருகும் பரப்பி, வெயில் ஏறுமுன் இறைத்தால் ஓர் இறைப்பையாவது மிச்சப்படுத்தலாம். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்தால் சூரிய சக்திப் பம்பி ஒன்றைப் பற்றியும் யோசிக்கலாம்.

உலகத் தலைவர்களின் வாயை நாம் கட்ட முடியாது. அந்த வாயிலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் எமது தோட்டம் ஆடாதபடி, வேரைச் சற்று ஆழமாக ஊன்ற எம்மால் முடியும்.