கலியாணம் உண்மைதான், சம்பளம் காணாது

"என்ன, இன்னும் விசா வரேல்லையோ?"

கோயிலுக்குப் போனாலும் செத்தவீட்டுக்குப் போனாலும் கிளிநொச்சியில் என் சிநேகிதியிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி இதுதான். கலியாணம் முடிந்து இரண்டு வருசம். மாப்பிள்ளை லண்டனில். மூன்று கிழமை லீவில் வந்தார், தாலி கட்டினார், திரும்பிப் போனார். அவள் இன்னும் இங்கேதான்.

மனைவிக்கான விசா என்றதும் ஆங்கிலச் சோதனை, காசநோய்ப் பரிசோதனை, கலியாண அல்பம், வாட்ஸ்அப்பில் கதைத்த ஆதாரம் என்றுதான் எல்லாரும் யோசிக்கிறோம். அதெல்லாம் கரைச்சல்தான், ஆனால் செய்து முடிக்கலாம். 2009இல் இருந்த ஆவணங்களையெல்லாம் முள்ளிவாய்க்காலில் விட்டுவிட்டு வந்த சனம்கூட, கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் அலைந்து பிறப்புச் சான்றிதழ் எடுத்திருக்கிறது. எவ்வளவு அலைந்தாலும் எடுக்க ஏலாத ஒன்று இருக்கிறது. அதுதான் மாப்பிள்ளையின் சம்பளம்.

பிரித்தானியாவில் இருப்பவர் வெளிநாட்டுத் துணையைக் கூப்பிட, வருசத்துக்கு 18,600 பவுண்ஸ் உழைத்தால் போதும் என்று 2012இலிருந்து இருந்தது. 2024 ஏப்ரல் 11இலிருந்து புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கு அது 29,000. அங்கே 21 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சட்டப்படி கொடுக்கவேண்டிய ஆகக்குறைந்த சம்பளம் 2025 ஏப்ரலில் மணிக்கு 12.21 பவுண்ஸ் ஆனது. அந்த 2025 கணக்கில் கிழமைக்கு 40 மணித்தியாலம், 52 கிழமையும் நின்று உழைத்தாலும் 25,400ஐத் தொடவில்லை. முழுநேரம் வேலை செய்தும், அந்த நாட்டுச் சட்டம் சொன்ன சம்பளத்தை வாங்கியும், மனைவியோடு வாழத் தகுதியில்லை என்றால் இது என்ன நியாயம்? சம்பளம் இல்லாமல் சேமிப்பை மட்டும் காட்டுவதென்றால் 88,500 பவுண்ஸ் வேண்டும். கடையில் நிற்கிற பெடியன் எங்கே போவான்?

என் சிநேகிதி ஆசிரியை. இங்கேயிருந்து விண்ணப்பிக்கும்போது அவள் உழைக்கும் காசு கணக்கிலேயே வராது.

அரச உதவிப் பணத்தில் தங்கிவிடுவார்கள் என்று பயமாம். இந்த விசாவில் வருபவர் அந்தப் பணத்தை எடுக்க ஏற்கெனவே தடை இருக்கிறது. வைத்தியத்துக்கென்று வருசத்துக்கு 1,035 பவுண்ஸ் முன்கூட்டியே கட்டவும் வேண்டும். பொய்க் கலியாணத்தைப் பிடிக்கத்தான் என்றால், அதைச் சம்பளச் சிட்டை எப்படிக் காட்டும்? பணக்காரரின் பொய்க் கலியாணம் இதில் பாஸ். ஏழையின் உண்மைக் கலியாணம் பெயில்.

ஆனால் கோபத்தை லண்டனுக்கு மட்டும் அனுப்பிவிட்டு இருக்க எனக்கு மனம் வரவில்லை. "போகப்போறவள்தானே, உனக்கேன் மேற்படிப்பு?" "போகப்போறவள்தானே, ஏன் ஸ்கூட்டி வாங்குறாய்?" இப்படிச் சொல்லிச்சொல்லி அவளின் இரண்டு வருசத்தை நிறுத்தி வைத்தது விசா அதிகாரி இல்லை, நாங்கள். சாதகத்தில் எட்டுப் பொருத்தமா ஒன்பது பொருத்தமா என்று பார்த்தவர்களில் ஒருவரும் மாப்பிள்ளையிடம் சம்பளம் எவ்வளவு, கூப்பிட எத்தனை வருசம் செல்லும் என்று கேட்கவில்லை. கேட்டால் மரியாதை இல்லையாம். கேட்கவேண்டும். பொம்பிளையே நேரே கேட்கவேண்டும். கேட்டுவிட்டுச் சம்மதிப்பதும் சம்மதிக்காததும் அவளின் முடிவு.

போன மாதம் அவள் பட்டப்பின் டிப்ளோமாவுக்குப் பதிந்துவிட்டாள்.

"இடையில விசா வந்தால் என்னடி செய்வாய்?" என்று கேட்டேன்.

"வந்தால் போவன். வருமட்டும் நான் இஞ்சதானே இருக்கிறன்?"