பச்சிலைக்குப் பரீட்சையா, பூசையா?

"இயற்கை மருந்து" என்பதாக ஒரு புதுச் சாமி கிளம்பியிருக்கின்றது. பன்றி வளர்ப்போரிடம் சென்று, "இங்கிலீஷ் மருந்தெல்லாம் விஷம், பச்சிலைச் சாறே போதும், நம் முன்னோர் எல்லாம் கண்டு சொல்லிவிட்டார்கள்" என்று சிலர் பிரசாரம் செய்கின்றார்கள். இதில் மெய் எவ்வளவு, புரட்டு எவ்வளவு என்று பார்ப்போம்.

இங்கிலீஷ் மருந்தைக் கண்டபடி கொட்டியது குற்றந்தான். பால் மறந்த குட்டிகள் ஈ.கோலை என்னும் கிருமியால் கழிந்து சாகின்றன. இதற்கென்றும், நோயே இல்லாதபோது சீக்கிரம் கொழுக்கவென்றும் பல தேசங்களில் கிருமிக்கொல்லி மருந்தைத் தீவனத்தில் கலந்தார்கள். பலன் என்ன? வேறெதுவும் பலிக்காதபோது மனிதனுக்குக் கொடுக்கும் கொலிஸ்டினையே எதிர்க்கும் எம்.சி.ஆர்-1 என்னும் மரபணு, சீனத்துப் பன்றிகளின் கிருமிகளிலும் மனித நோயாளிகளிடத்திலும் இருப்பது 2015ல் வெளியாயிற்று. அது கிருமிக்குக் கிருமி தாவவும் கூடியது. கொழுக்க வைக்க இம்மருந்துகளைக் கலப்பதை ஐரோப்பிய யூனியன் 2006ல் நிறுத்திற்று. உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதை இந்திய சர்க்கார் 2019ல் தடுத்தது.

அப்படியானால் பச்சிலைக்காரர் சொல்வது சரிதானே என்பீர்கள். பாதி சரி. ஓமத்திலுள்ள தைமால் கிருமியின் மேற்சவ்வைச் சிதைத்துக் கொல்லுகின்றது. பூண்டுக்கும் இலவங்கப்பட்டைக்கும் கிருமியைக் கொல்லும் குணமுண்டு. ஆனால் இவை கண்ணாடிக் குப்பியில் கண்ட உண்மைகள். பன்றியின் வயிறு கண்ணாடிக் குப்பியா? தைமாலில் பெரும்பாகம் மேற்குடலைத் தாண்டுமுன்பே உடம்பில் உறிஞ்சப்பட்டுவிடுகின்றது. அதனாலேயே அதற்குக் கொழுப்புறையிட்டுக் கொடுத்துப் பார்க்கின்றார்கள். அன்றியும், மண்ணுக்கு மண் செடியின் சத்து மாறுகின்றது. அளவு மிஞ்சினாலோ, வாடை பிடிக்காமல் பன்றி தீவனத்தையே ஒதுக்கும்.

இயற்கை என்பதாலேயே நல்லதாகிவிடுமா? எட்டிக்கொட்டையும் இயற்கைதானே! கழிச்சல் கிருமியும் இயற்கைதானே! முன்னோர் சொன்னது சோதிக்கத்தக்க சேதியே தவிர, முடிந்த தீர்ப்பல்ல. சீனத்துத் தூ யூயூ அம்மையார், சுமார் 1,600 வருஷத்திய பழைய நூலில் கண்ட ஒரு பச்சிலையைக் கும்பிட்டு உட்காரவில்லை. அதிகச் சூட்டில் சத்து கெடுமோ என்று சந்தேகித்து, குறைந்த சூட்டில் சாறெடுத்து, மிருகங்களுக்குக் கொடுத்துப் பார்த்து, பிறகு 1972ல் தாமே உட்கொண்டும் பரீட்சித்தார். மலேரியாவுக்கு மருந்து கிடைத்தது. 2015ல் நோபல் பரிசும் வந்தது. மதிப்பு இலைக்கா, பரீட்சைக்கா?

பன்றி வளர்ப்பவர் பெரும்பாலும் ஏழை. ஒரு ஈற்றுக் குட்டிகள் செத்தால் அவர் வீட்டில் அடுப்பெரியாது. முன்னோர் வந்து நஷ்டம் கொடுப்பார்களா?

ஆகவே, தோழர்களே! சாறு விற்க வருபவரைக் கேளுங்கள்: எத்தனை குட்டிகளுக்குக் கொடுத்தீர்? கொடுக்காமல் விட்டுப் பார்த்தவை எத்தனை? இரண்டிலும் பிழைத்தவை எத்தனை? பதில் இருந்தால் வாங்குங்கள். "முன்னோர்..." என்று ஆரம்பித்தால் வந்த வழியே அனுப்பிவிட்டுக் கால்நடை டாக்டரை அழையுங்கள்.