பட்டியல் எழுதுபவர் பங்கு வாங்கலாமா?

சித்தூர் பக்கம் பங்காருபாளையத்துக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து, இங்கே இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் பேங்க் விஷயத்தை விட அதிகம் கேட்பது இதுதான்: "சார், நெட்டுல இந்த விளம்பரத் தொல்லை போக என்ன போடணும்?" ஆட் பிளாக்கர் போடுங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஆனால் எந்த ஆட் பிளாக்கர் என்பதில்தான் என் சண்டையே!

முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். நீங்கள் ஒரு பக்கத்தைத் திறந்தால் பிரவுசர் அதை மட்டும் கொண்டுவருவதில்லை. படம், விளம்பரம், நம்மை வேவு பார்க்கும் நிரல் என்று இன்னும் பல முகவரிகளைக் கூப்பிடுகிறது. பிளாக்கர் ஒவ்வொரு முகவரியையும் தன்னிடமுள்ள பட்டியலோடு ஒப்பிட்டு, அதில் இருந்தால் தடுத்துவிடும். அவ்வளவுதான். மூளை பிளாக்கரில் இல்லை, பட்டியலில் இருக்கிறது.

இந்தப் பட்டியல்களில் பிரபலமானது ஈஸிலிஸ்ட். 2005-ல் ரிக் பெட்னல் என்ற தனி மனிதர் ஆரம்பித்தது. 2009-ல் அவர் இறந்த பிறகு தன்னார்வலர்கள் சிலர் கட்டிக் காக்கிறார்கள். கோடிக்கணக்கானவர்களின் திரையில் எது வரலாம், எது வரக்கூடாது என்பது இந்தச் சிலர் கையில்.

அதிகாரம் இருக்கும் இடத்தைத் தேடிக் காசு வராதா? வந்தது. ஈஸிலிஸ்ட்டுக்கு அல்ல, அதைப் பயன்படுத்தும் ஆட்பிளாக் பிளஸ்ஸுக்கு. 2011-ல் 'ஏற்கத்தக்க விளம்பரங்கள்' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். உறுத்தாத விளம்பரங்களை உள்ளே விடும் தனிப் பட்டியல் இது. ஒரு விதி @@ என்று தொடங்கினால் 'இவரை விட்டுவிடு' என்று அர்த்தம். சின்னத் தளங்களுக்கு இலவசம். பெரிய நிறுவனங்களோ, இதனால் கூடுதலாக வரும் வருமானத்தில் வழக்கமாக 30 சதவீதம் கொடுக்க வேண்டும். கூகுள், மைக்ரோசாஃப்ட், அமேசான் எல்லாம் பணம் கட்டுவதாக 2015-ல் ஃபைனான்ஷியல் டைம்ஸ் எழுதியது.

"நிபந்தனைக்கு உட்பட்ட விளம்பரம்தானே? வேண்டாமென்றால் செட்டிங்கில் அணைத்துக்கொள்ளலாமே? ஜெர்மனியின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றமே இந்தத் தொழில் முறை செல்லும் என்று 2018-ல் சொல்லிவிட்டதே?" என்பார்கள். எல்லாம் வாஸ்தவம். சட்டப்படி செல்லும் என்பது வேறு, நம்பலாம் என்பது வேறு. லோன் சாங்ஷன் செய்யும் அதிகாரி விண்ணப்பித்தவரிடமே பங்கு வாங்கிக்கொண்டு, "தகுதி பார்த்துத்தான் கொடுத்தேன்" என்றால் விடுவார்களா? தகுதி உண்மையிலேயே இருந்தாலும் அவருக்கு சார்ஜ் ஷீட்தான்!

கூகுள் இன்னும் ஒரு படி மேல். விளம்பரம் விற்பதும் அவர்கள்தான், குரோம் பிரவுசர் செய்வதும் அவர்கள்தான். பாதுகாப்புக்காக என்று சொல்லி எக்ஸ்டென்ஷன் விதிகளை மாற்றினார்கள். 2025-ல் யுபிளாக் ஆரிஜின் குரோமில் இயங்காமல் போனது. பல் பிடுங்கிய 'லைட்' வடிவம்தான் மிச்சம். ஃபயர்ஃபாக்ஸில் முழுசாக ஓடுகிறது.

என் சிபாரிசு அதுதான். அதைச் செய்யும் ரேமண்ட் ஹில் நன்கொடைகூட வாங்குவதில்லை. பட்டியல்களை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். போட்டதும் மறக்காமல் செட்டிங்கில் 'இந்தியன்லிஸ்ட்' என்பதை டிக் செய்யுங்கள். இந்தியா, இலங்கை, நேபாளத் தளங்களுக்கான பட்டியல், தமிழும் தெலுங்கும் அதில் உண்டு. பிரவுசர் மொழியைப் பார்த்துத்தான் அது தானாகச் சேரும். நம்மில் பலர் பிரவுசரை ஆங்கிலத்தில் வைத்திருப்பதால் நாமேதான் சேர்க்க வேண்டும்.

"விளம்பரத்தை நம்பிப் பிழைக்கும் சின்னத் தமிழ்த் தளங்கள் என்ன ஆகும்?" நல்ல கேள்வி. உங்களுக்குப் பிடித்த தளத்தில் பிளாக்கரை அணைத்து வையுங்கள், ஒரு க்ளிக்தான். அந்த க்ளிக் உங்களுடையதாக இருக்கட்டும். உங்கள் பெயரைச் சொல்லி இன்னொருவர் 30 சதவீதம் வாங்க வேண்டாம்.

காசு கொடுக்க மனசிருந்தால் பட்டியல் எழுதும் தன்னார்வலர்களுக்குக் கொடுங்கள். பட்டியலில் இருப்பவர்கள் கொடுப்பதற்கு முன்னால், பயன்படுத்தும் நாம் கொடுப்பது நல்லது. என்ன சொல்கிறீர்கள்?