பெருமீன் வேட்டை

மீன் பிடித்தல் பசியின் பொருட்டுச் செய்யப்படுங்கால் தொழிலாகும். பொழுதுபோக்கின் பொருட்டுச் செய்யப்படுங்கால் விளையாட்டாகும். முன்னதைக் குறித்து ஐயுறுவார் இலர். நம் ஆண்டவர் முதற்கண் அழைத்த சீடர்கள் கலிலேயாக் கடலில் வலைவீசி வாழ்ந்தவர்களே. பின்னதாகிய விளையாட்டு அறத்தொடு பொருந்துமோ என்பதே ஆராய்தற்குரியது.

கடலிற் பெருமீனைத் தூண்டிலாற் பிடிக்கும் இவ்விளையாட்டு மேனாட்டிற் பெருவழக்கிற்று. 1898-ஆம் ஆண்டில் சார்லஸ் ஹோல்டர் என்பவர் கலிபோர்னியாவைச் சார்ந்த காட்டலினாத் தீவின் அருகே 183 இராத்தல் எடையுள்ள சூரைமீனைத் தூண்டிலாற் பிடித்து, அவ்வாண்டிலேயே இவ்விளையாட்டிற்கென ஒரு சங்கமும் கண்டார். இன்று நம் நாட்டில் அந்தமான் தீவுகளிலும், வாடகைப் படகேறிப் பெரும்பாரைகளைப் பிடித்து மீண்டும் கடலில் விடுவோர் பலர்.

கடலுக்கு நெடுந்தொலைவிலுள்ள அஞ்செட்டியார்க்கு இதனோடு யாது தொடர்பு எனின், கூறுவேன். எம் மலைக்காட்டைக் கடந்து இறங்கினால் காவிரி. தமிழ்நாட்டிற்கு வரும் நீரை அளக்கும் பிலிகுண்டுலு அவ்வாற்றங்கரையிலேயே உள்ளது. அங்குள்ள ஆழ்மடுக்களில் வாழ்வது மகாசீர் என்னும் பெருங்கெண்டை. கூனிய முதுகும் செம்மஞ்சட் சிறகும் உடைய இதனைக் கடல்மீனுக்கு நிகரான வலியுடையதென வேட்டையாடுவோர் போற்றினர். சென்னை மாகாணத்தில் அரசுப் பணியாற்றிய எச். எஸ். தாமஸ் 1873-ஆம் ஆண்டிலேயே இந்தியத் தூண்டில்வேட்டையைப் பற்றிய நூலில் மகாசீரின் புகழைப் பரப்பினார். 1946-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் மைசூர் வான் இங்கன் என்பவர் கபினியாற்றிற் பிடித்த மகாசீர் 120 இராத்தல் எடையுடையது. மேனாட்டார் வசந்தம் என்னும் அப்பருவம் நமக்குப் பங்குனி. வெள்ளம் வடிந்து, நீர் தெளிந்து, மடுக்கள் தனித்து நிற்குங் காலம். இம்மீனுக்கு இடும் இரையோ எம்மூரார் நாள்தோறும் உண்ணும் கேழ்வரகு மாவுருண்டை. ஏறிச் செல்வதோ பரிசல்.

நிற்க. பிற்காலத்தில் எமக்கு மேற்கே கர்நாடகப் பகுதியிலுள்ள பீமேஸ்வரி, தொட்டமாகளி, காலிபோரே ஆகிய இடங்களில் தூண்டில் முகாம்கள் அமைந்தன. தென்னிந்திய வனவிலங்குக் கழகத்தார் ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் வைத்தனர். பிடித்த மீனை எடையிட்டு, ஏட்டிற் குறித்து, உயிரோடு விடுதல் அங்குச் சட்டம். முன்னே வெடிவைத்து மீனைக் கொன்றவர் சிலர், வெளிநாட்டார்க்கு வழிகாட்டிகளாகிக் கூலி பெற்றனர். அப்பகுதி காட்டுயிர்க் காப்பகமாதலின், மீன் பிடித்தலும் வேட்டையே எனக் கொள்ளப்பட்டு, 2012-ஆம் ஆண்டளவில் இம்முகாம்களில் தூண்டில் நின்றது.

விளையாட்டு நின்றது, மீன் பிழைத்ததோ? இவ்வினாவிற்கு விடை கூறுவது அத்தூண்டிற்காரர் எழுதிய ஏடேயாம். காலிபோரே முகாமில் 1998 முதல் 2012 வரை பிடித்து விடப்பட்ட ஆறாயிரத்துக்கு மேற்பட்ட மகாசீர்களின் கணக்கை அறிஞர் ஆராய்ந்தனர். நீலச்சிறகு மகாசீர் பெருகியதும், காவிரிக்கே உரிய கூனல் மகாசீர் அருகியதும் அதனால் வெளிப்பட்டன. நீலச்சிறகு மீனோ வேற்றாற்று மீன். பொரிப்பகத்தில் வளர்த்து, மீன் பெருகட்டும் என்னும் நல்லெண்ணத்தாற் காவிரியில் விடப்பட்டது! உலகறிந்த கூனல் மகாசீருக்கோ அதுகாறும் உறுதியான அறிவியற் பெயர்தானும் இல்லை. 2007-ஆம் ஆண்டு பாம்பாற்றிற் கண்டு பெயரிடப்பட்ட இனமே இஃதென 2018-ஆம் ஆண்டிலேதான் நிறுவினர். அவ்வாண்டிலேயே உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழிவின் விளிம்பிலுள்ள இனமெனப் பட்டியலிட்டது. பெயர் சூட்டும் நாளே பாடை கட்டும் நாளாயிற்று என்னல் மிகையாகாது.

ஆதலின் என் கருத்து இது: தூண்டிலைத் தடுத்தலால் மட்டும் மீன் பிழையாது. முட்டையிட மேலேறும் மீனை அணைகள் மறிக்கின்றன. வெடி ஒரு நொடியில் ஒரு மடுவையே வெறுமையாக்குகின்றது. மணற்கொள்ளை ஆற்றின் படுகையைக் குலைக்கின்றது. இவற்றைக் கண்டு கூறும் கண்கள் ஆற்றங்கரையில் நாள்தோறும் இருத்தல் வேண்டும். முகாம்கள் இருந்த காலத்தில் அக்கண்கள் இருந்தன.

வாயில்லாச் சீவனை முள்ளால் வருத்தி மகிழ்தல் கொடுமையன்றோ என்பாருமுளர். அவர் கூற்றை இகழேன். விடப்பட்ட மீனும் அயர்ந்து இறத்தல் உண்டு. ஆயின் கொடுமைக்கு அஞ்சிக் கண்ணை மூடிக்கொள்ளுதல் அருளாகாது. வேறொரு தடை இதனினும் வலிது. செல்வர் தூண்டிலிட்டால் விளையாட்டு, ஏழை தூண்டிலிட்டால் திருட்டு என்னும் நீதி எங்ஙனம் நீதியாகும்? குத்தகைக்காலத்தும் இக்குறை இருந்ததென்பது மறைத்தற்கில்லை.

இவ்விரண்டு தடைக்கும் ஒருங்கே விடை காண்டல் அரிதன்று. பின்முள் இல்லாத தூண்டில், சில நாட்களே நிகழும் அளவான வேட்டை, அறிஞர் மேற்பார்வை, வேற்று மீனை ஒருபோதும் விடாமை ஆகியவை முதற்கட்டளைகளாகுக. ஏடும் எடைக்கோலும் ஆற்றங்கரையாரின் கையில் இருத்தல் இரண்டாவது. வருவாயிற் பெரும்பங்கு அவர்க்கே சேர்தல் மூன்றாவது. 2014-ஆம் ஆண்டு கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் அமைந்த காவிரி வடக்குக் காட்டுயிர்க் காப்பகம் எமது கரையையும் காக்கின்றது. அதன் சட்டத்திற்கு உட்பட்டு, இளைஞர் சிலரை மீன்காவலராகப் பயிற்றுதல் அரசினரால் இயலாததன்று. வேட்டைக்கு இடங்கொடாவிடினும், எண்ணுதற்கேனும் இடங்கொடுத்தல் கடன்.

இதே காவிரி கடலொடு கலக்கும் பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையில், பரதவர் முழுநிலா நாளில் மீன்வேட்டைக்குச் செல்லாது, சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டமை கூறப்படுகின்றது. மீனாலேயே வாழ்ந்தவர் மீனை வணங்கவும், ஒரு நாளேனும் கடலை ஓயவிடவும் அறிந்திருந்தனர். கடலின் மச்சங்களை ஆண்டுகொள்க எனக் கடவுள் மனிதனுக்குக் கொடுத்த அதிகாரமும் விசாரிப்புக்காரனின் அதிகாரமேயன்றிக் கொள்ளைக்காரனின் அதிகாரமன்று. கணக்குக் கேட்கப்படும் நாளில் நாம் காட்டுதற்கு ஓர் ஏடாவது வேண்டும். அவ்வேட்டில் எழுதுதற்குக் காவிரியில் ஒரு கூனல் மகாசீராவது வேண்டும்.