அயோவா பேச்சும் அவிநாசிபாளையம் பீஸ் ரேட்டும்

பொங்கலூர் என்ற பெயரில் ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்தது. 2006 தேர்தலோடு அது முடிந்தது. அந்த நாளில் வேட்பாளரை எடை போட நமக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. பரம்பிக்குளம் ஆழியாறு (பி.ஏ.பி.) வாய்க்காலில் எத்தனை சுற்றுத் தண்ணீர் விடுவார்கள், விசைத்தறிக்கு யூனிட் என்ன விலை, கோழிப்பண்ணைக்கு என்ன செய்வார் என்று மூன்று கேள்வி போதும். டெல்லியைப் பற்றி அவர் முழங்கியதெல்லாம் மைக்செட்டோடு ஊர் தாண்டிப் போய்விடும்.

இன்று நம் திருப்பூர் பனியன் பீஸ் ரேட்டில் கை வைக்கக்கூடிய ஆள் நம்மிடம் ஓட்டுக் கேட்டு வருவதில்லை. அவர் அமெரிக்காவின் அயோவாவிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் கேட்கிறார். அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன்னால் கட்சிக்குள்ளேயே நடக்கும் வேட்பாளர் தேர்தலை அங்கே பிரைமரி என்கிறார்கள். நம்மில் பலர் நவம்பர் மாதம் வாக்கு எண்ணும் அன்றுதான் டிவியைத் திருப்புகிறோம். சரக்கு கப்பல் ஏறிய பிறகு அளவு சரிபார்க்கிற வேலை அது.

2023 ஆகஸ்டுக்குப் போவோம். குடியரசுக் கட்சியில் பத்துப் பேருக்கு மேல் களத்தில் இருந்தார்கள். டிரம்ப் அவர்களில் ஒருவர். அந்த மாதம் ஃபாக்ஸ் பிசினஸ் தொலைக்காட்சியில் லாரி கட்லோவுக்கு அளித்த பேட்டியில் இரண்டு விஷயம் சொன்னார். அமெரிக்காவுக்குள் வரும் எல்லாப் பொருளுக்கும் 10 சதவீதம் போல ஒரு வரி வேண்டும் என்பது ஒன்று. இந்தியா ஹார்லி டேவிட்சன் பைக்குக்குப் போட்டுவந்த வரியைச் சொல்லிக் காட்டி, நீ போட்டால் நானும் போடுவேன் என்றது இரண்டாவது. பெயர் சொல்லி, நாடு சொல்லிப் பேசியிருக்கிறார். அரசியல் பேச்சு என்று தள்ளிவிட்டோம். நூல் விலையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்த இந்த இதழும் அதைப் பற்றி ஒரு வரி போடவில்லை.

பிறகு நடந்தது உங்கள் இன்வாய்ஸிலேயே இருக்கிறது. 2025 ஏப்ரல் 2 அன்று இந்தியாவுக்கு 26 சதவீதம் என்றார்கள். ஒரு வாரத்தில் அதை நிறுத்திவைத்து 10 சதவீதத்தில் விட்டார்கள். ஆகஸ்ட் 7 முதல் 25, ஆகஸ்ட் 27 முதல் 50. காட்டன் டி-சர்ட்டுக்கு ஏற்கெனவே இருந்த 16.5 சதவீதம் இதற்கு அடியில் தனி. 3 டாலர் எஃப்.ஓ.பி. விலையுள்ள பீஸுக்கு முன்பு 49.5 சென்ட் வரி கட்டிய பையர், 1 டாலர் 99.5 சென்ட் கட்ட வேண்டியதாயிற்று. அப்போது வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் கூடுதல் வரி 20 சதவீதம்தான் இருந்தது. இடையில் விழுந்த 30 சதவீத இடைவெளியை எந்த டிஸ்கவுண்ட் கொடுத்து அடைப்பது? அதன் பிறகு பேச்சுவார்த்தை, கோர்ட்டு என்று கதை பல திருப்பம் கண்டது. இங்கே அது வேண்டாம்.

அந்த 50 சதவீதத்தைப் பிரித்துப் பார்த்தால்தான் நமக்குப் பாடம். முதல் 25 அவருடைய உள்நாட்டுக் கொள்கை: தொழிற்சாலை திரும்பி வர வேண்டும், வர்த்தகப் பற்றாக்குறை குறைய வேண்டும். இரண்டாவது 25 வெளிநாட்டுக் கொள்கை: ரஷ்யாவிடம் இந்தியா கச்சா எண்ணெய் வாங்கியதற்கு. உக்ரைன் போரை 24 மணி நேரத்தில் முடிப்பேன் என்று 2023 மே மாதம் நியூ ஹாம்ப்ஷயரில் சிஎன்என் கூட்டத்தில் அவர் சொன்னபோது, அது பனியனைத் தொடும் பேச்சு என்று நம்மில் யாருக்குத் தோன்றியது? போர் முடியவில்லை. ரஷ்யாவை நெருக்க எண்ணெய் வாங்குபவரைப் பிடித்தார்கள். எண்ணெய் வாங்கியது சுத்திகரிப்பு ஆலை, வரி விழுந்தது ஓவர்லாக் மெஷின் மேல். உள்நாடு, வெளிநாடு என்று பத்திரிகைக்காரர்கள் பக்கம் பிரிக்கலாம். கஸ்டம்ஸில் இரண்டும் ஒரே வரியாகத்தான் கூட்டப்படுகின்றன.

அதற்காக வரி பேசுகிற வேட்பாளர் எல்லாம் நமக்கு எதிரி என்று எழுதி வைத்துவிட வேண்டாம். டி.பி.பி. ஞாபகம் இருக்கிறதா? 12 நாடுகள் சேர்ந்து 2016 பிப்ரவரியில் கையெழுத்திட்ட பசிபிக் வர்த்தக ஒப்பந்தம். வியட்நாம் அதில் உறுப்பினர். நடப்புக்கு வந்திருந்தால் வியட்நாம் பின்னலாடைக்கு அமெரிக்காவில் வரி படிப்படியாகப் பூஜ்யம் ஆகியிருக்கும். 2012இல் வெளியுறவு அமைச்சராக அதைத் தங்கத் தரம் என்று புகழ்ந்த ஹிலாரி கிளிண்டன், பிரைமரியில் பெர்னி சாண்டர்ஸ் விரட்டிக்கொண்டிருந்த 2015 அக்டோபரில் எதிர்ப்புக்கு மாறினார். எதிர்க் கட்சியில் டிரம்ப்பும் அதையே பேசி, 2017 ஜனவரி 23 அன்று அமெரிக்காவை வெளியே இழுத்தார். திருப்பூர் அன்று நிம்மதியாக மூச்சு விட்டது. நம்மைக் காப்பாற்றிய கையும் அடித்த கையும் ஒன்றே. வர்த்தகம் பற்றிப் பிரைமரியில் சொன்ன சொல்லை அவர் இரண்டு முறையும் காப்பாற்றினார். நமக்கு ஒரு முறை இனித்தது, ஒரு முறை கசந்தது.

நம் ஊரில் இன்னொரு பழக்கம் உண்டு, வேட்பாளரின் பூர்வீகத்தைப் பார்ப்பது. 2020இல் கமலா ஹாரிஸ் துணை அதிபராக ஜெயித்தபோது துளசேந்திரபுரத்தில் பட்டாசு வெடித்தார்கள். தாத்தா ஊர், வெடிக்கட்டும். 2023இல் தமிழ் பேசும் பாலக்காட்டுக் குடும்பத்தின் மகன் விவேக் ராமசாமி விவாத மேடை ஏறியதும் வாட்ஸ்அப் குரூப்புகள் நிறைந்தன. சீனாவிடமிருந்து அமெரிக்கா விலக வேண்டும், உக்ரைனுக்குக் கொடுக்கும் பணத்தை நிறுத்த வேண்டும், இந்தியாவோடு நெருங்க வேண்டும் என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. 2024 ஜனவரி 15 அன்று அயோவாவில் தோற்ற இரவே விலகி டிரம்ப்பை ஆதரித்தார். பஞ்சாபி வம்சாவளியான நிக்கி ஹேலியைத்தான் நாம் அக்கறையோடு கேட்டிருக்க வேண்டும். 10 சதவீத வரி அமெரிக்கக் குடும்பத்தின் தலையில் விழும் வரி என்று பிரைமரி மேடையில் நமக்கு வேண்டிய வாதத்தைப் பேசியவர் அவர். மார்ச்சில் அவரும் ஒதுங்கினார். அந்த வாதமும் அதோடு ஒதுங்கியது.

ஜனநாயகக் கட்சிக்காரர் வந்தால் நமக்கு நல்லது என்பதும் பாதிக் கணக்குதான். சீனாவுக்கு டிரம்ப் போட்ட வரியை பைடன் எடுக்கவில்லை. அவர் கையெழுத்திட்டு 2022 ஜூனில் நடப்புக்கு வந்த உய்குர் கட்டாய உழைப்புத் தடைச் சட்டம் சின்ஜியாங் பருத்தியை அடைத்தது. அதனால் நம் பக்கம் ஆர்டர் திரும்பும் என்று கூட்டங்களில் பேசினோம். அதே அமெரிக்காவின் தொழிலாளர் துறைப் பட்டியலில் இந்திய நூலும் ஆயத்த ஆடையும் கட்டாய உழைப்பு என்ற தலைப்பில் இருப்பதை அந்தக் கூட்டங்களில் யாரும் எடுக்கவில்லை. ஒரு கட்சி டியூட்டி கொண்டு வரும், இன்னொரு கட்சி ஆடிட் கொண்டு வரும். நூற்பாலை ஹாஸ்டலின் நிலை என்ன என்று அயோவாவில் ஒருவர் கேட்டால், அதுவும் நமக்கு வரிப் பேச்சுதான்.

அப்படியானால் எதை வைத்து எடை போடுவது? நாங்கள் கற்றது ஒன்று உண்டு. வேட்பாளர் சொல்வதை அவர் தனியாகச் செய்ய முடியுமா என்று பாருங்கள். மருத்துவக் காப்பீடு, வருமான வரி என்றால் நாடாளுமன்றம் வேண்டும். பாதி வழியில் நின்றுவிடும். இறக்குமதி வரியோ, 2018இல் சீனாவுக்கு 1974ஆம் ஆண்டின் வர்த்தகச் சட்டத்தை வைத்தும், 2025இல் 1977ஆம் ஆண்டின் அவசரகால அதிகாரச் சட்டத்தை வைத்தும், அதிபர் உத்தரவிலேயே வந்துவிட்டது. கோர்ட்டுக்குப் போய்த் தடுக்கலாம், ஆனால் சீசன் ஆர்டர் கோர்ட்டுக்காகக் காத்திருப்பதில்லை.

உத்தரவின் பொடி எழுத்தையும் படிக்க வேண்டும். 2025 ஏப்ரல் உத்தரவில், பொருளின் மதிப்பில் 20 சதவீதமாவது அமெரிக்கச் சரக்கு இருந்தால் அந்தப் பங்குக்குப் புதிய வரி இல்லை என்று இருந்தது. அமெரிக்கப் பருத்தி நூலில் பின்னிய ஆடைக்கு அது ஒரு கதவாக இருந்தது. ஆகஸ்டில் இந்தியா பருத்தி இறக்குமதியின் 11 சதவீத வரியை நிறுத்திவைத்ததும் அந்தக் கதவுக்கு வழி கொஞ்சம் சுலபமானது. வேட்பாளர் டெக்சாஸ் பருத்தி விவசாயியிடம் என்ன சொல்கிறார் என்பது அதனால்தான் நம் மெர்ச்சண்டைசருக்கு வேலைச் செய்தி.

அயோவா விவசாயியிடம் சொல்வது இன்னும் கிட்டத்தில் வந்து நிற்கிறது. அங்கே மக்காச்சோளமும் சோயாவும் பிரதானம். அவற்றுக்கு இந்தியச் சந்தையைத் திற என்பது 2025 பேச்சுவார்த்தையில் சிக்கிய முடிச்சுகளில் ஒன்று. ஆகஸ்ட் 7 அன்று எம்.எஸ்.சுவாமிநாதன் நூற்றாண்டு மாநாட்டில் பிரதமர், விவசாயிகள் நலனில் விட்டுக்கொடுக்க மாட்டேன், அதற்குத் தாம் பெரிய விலை கொடுக்க வேண்டியிருந்தாலும் சரி என்றார். அந்த விலையில் ஒரு பகுதியைத் திருப்பூர் கட்டியது. இதை எழுதும்போது ஜன்னலுக்கு வெளியே பல்லடம் பக்கம் போகும் தீவன லாரி தெரிகிறது. மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் மலிந்தால் மகிழும் பண்ணைக்காரரும், அந்த மலிவு மறுக்கப்பட்டதால் ஆர்டர் இழந்த பனியன்காரரும் நம் ஊரில் பல வீடுகளில் ஒரே குடும்பம். அண்ணன் கோழிப்பண்ணை, தம்பி ஜாப் ஒர்க்.

அடுத்த அதிபர் தேர்தல் 2028இல். கட்சிக்குள் விவாதங்கள் 2027 நடுவிலேயே தொடங்கிவிடும். அப்போது இந்த இதழில் நூல் விலைப் பட்டியலுக்கு எதிர்ப்பக்கத்தைக் காலியாக ஒதுக்குகிறோம். யார் எந்த ஊரில் எந்தப் பொருளின் பெயரைச் சொன்னார், அதை உத்தரவால் செய்யலாமா, சட்டம் வேண்டுமா என்று மட்டும் அங்கே வரும். முதல் பதிவு பெரும்பாலும் மக்காச்சோளத்தைப் பற்றித்தான் இருக்கும், பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள்.