மணியைப் பார்க்கிறோம், சத்தத்தை அளப்பதில்லை

2023 ஏப்ரல் 30 இரவு புனேயில் ஏ.ஆர். ரகுமானின் திறந்தவெளிக் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. காவல் அதிகாரி ஒருவர் மேடைக்கே வந்து, பத்து மணி தாண்டிவிட்டது, நிறுத்துங்கள் என்றார். கச்சேரி அத்தோடு முடிந்தது. லண்டன் ஹைட் பார்க்கில் 2012 ஜூலையில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனும் பால் மெக்கார்ட்னியும் ஒரே மேடையில் பாடியபோது, அனுமதித்த நேரம் கடந்துவிட்டதென்று ஒலி இணைப்பே துண்டிக்கப்பட்டது. இரண்டு இடத்திலும் சட்டம் தன் வேலையைச் செய்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் புனேயில் அந்த நிமிடத்தில் பக்கத்துத் தெரு வீட்டு ஜன்னலில் எத்தனை டெசிபல் சத்தம் விழுந்தது என்பது யாருடைய கேள்வியாகவும் இருக்கவில்லை. கேள்வி மணியைப் பற்றியது மட்டுமே. திறந்தவெளி இசைக்கும் அக்கம்பக்கத்தாரின் தூக்கத்துக்கும் நடுவே நம் ஊர்களில் தீராமல் கிடக்கும் சண்டைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. கடிகாரத்தை எல்லோராலும் படிக்க முடிகிறது. சத்தத்தை அளக்க யாரும் வருவதில்லை.

சட்டத்தில் இரண்டுமே இருக்கின்றன. 2000 பிப்ரவரியில் மத்திய அரசு கொண்டுவந்த ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்தன. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள் வரும் அமைதி மண்டலத்துக்கு வரம்பு இன்னும் குறைவு: பகலில் 50, இரவில் 40. பொது இடத்தில் ஒலிபெருக்கி வைத்தால், அந்த இடத்தின் எல்லையில் சத்தம் பகுதிக்குரிய வரம்பைவிட 10 டெசிபலுக்கு மேல் கூடக்கூடாது. எப்படிப் பார்த்தாலும் 75ஐத் தாண்டக் கூடாது. அதாவது, குடியிருப்பு நடுவே உள்ள கோயில் திடலின் ஓரத்தில் பகலில் 65க்கு மேல் போனாலே விதிமீறல். இவற்றோடு இரவு 10 முதல் காலை 6 வரை தடை என்ற நேர விதியும் உண்டு. 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இந்த விதிகளை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவோடு, அதாவது உயிர்வாழும் உரிமையோடு இணைத்துப் பேசியது. கேட்க விரும்பாதவரை வற்புறுத்திக் கேட்க வைக்கும் உரிமை எவருக்கும் இல்லை என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். இத்தனை இருந்தும் நடைமுறையில் உயிரோடு இருப்பது பத்து மணி விதி ஒன்றுதான். அதன் விளைவு இரு பக்கமும் கெடுதல். காலை ஆறு மணிக்கு மேல் எவ்வளவு அலறினாலும் கேட்பாரில்லை. இரவு பத்துக்கு மேல் எவ்வளவு மெல்லப் பாடினாலும் குற்றம்.

ஊர்த் திருவிழாவையே எடுத்துக்கொள்வோம். காப்புக் கட்டிய நாளிலிருந்து விழா முடியும்வரை தெருவில் ஓடுவது பெரும்பாலும் கச்சேரி அல்ல; மைக் செட்காரர் போட்டுவிட்டுப் போன பதிவுப் பாட்டு. விடியலில் பக்திப் பாட்டில் தொடங்கி, மதியம் சினிமாப் பாட்டாகி, இரவு வரை அது நீள்கிறது. கேட்பதற்கென்று ஓர் ஆள்கூட உட்கார்ந்திருக்காத நேரத்திலும் கம்பத்துக் குழாய் பாடிக்கொண்டேதான் இருக்கும். இதற்கு நடுவே வில்லுப்பாட்டோ நாகஸ்வரமோ மெல்லிசைக் கச்சேரியோ ஓரிரு இரவுகளில் மூன்று மணி நேரம் நடக்கிறது. பங்குனித் திருவிழாவும் பிளஸ் டூ தேர்வும் ஒரே மாதத்தில் வரும் நாட்டில், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையின் வீட்டார் பகலெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, இரவில் மேடையில் ஆள் ஏறும்போதுதான் காவல் நிலையத்துக்கு போன் செய்கிறார்கள். வாழும் கலைஞர் மேடைக்கு வருமுன்பே அக்கம்பக்கத்தாரின் பொறுமையைப் பதிவுப் பாட்டு தின்று தீர்த்துவிடுகிறது. ஆளில்லாத நேரத்துப் பதிவுப் பாட்டை நிறுத்தினாலே இந்தச் சண்டையில் பாதி ஓய்ந்துவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்குப் புதுச் சட்டமே வேண்டாம்; எழுத்துமூல அனுமதியில்லாமல் ஒலிபெருக்கி கூடாது என்று விதி ஏற்கெனவே சொல்கிறது. அந்த அனுமதியில் மொத்தம் எத்தனை மணி நேரம் என்று எழுதினால் போதும்.

மறுபாதி, சத்தத்தை எப்படிப் பரப்புகிறோம் என்பதில் இருக்கிறது. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். மேடையோரத்து ஸ்பீக்கர் அடுக்கு 10 மீட்டரில் 100 டெசிபல் கொடுத்தால் 20 மீட்டரில் 94, 40இல் 88, 80இல் 82, 160இல் 76. அது 65க்கு இறங்க அரை கிலோமீட்டருக்கு மேல் வெற்றிடம் வேண்டும். அப்படிப்பட்ட திடல் நம் நகரங்களில் எங்கே இருக்கிறது? ஆனால் அதே கூட்டத்துக்கு அதே பாட்டை வேறு விதமாகவும் கொண்டுசேர்க்கலாம். 40 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் கடைசி வரிசைக்கு 80 டெசிபல் கிடைக்க வேண்டுமென்றால், ஒரே இடத்தில் குவித்த அடுக்கு 5 மீட்டரில் 98 தர வேண்டும். 60 மீட்டர் தள்ளியுள்ள வீட்டில் அது 76 ஆக விழும். கூட்டத்துக்குள்ளேயே எட்டுச் சிறு பெட்டிகளைப் பரப்பி, ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி 5 மீட்டரில் 80 மட்டும் தரும்படி வைத்தால், எட்டும் சேர்ந்தாலும் அந்தத் தூரத்தில் 67ஐ ஒட்டித்தான் வரும். 10 டெசிபல் குறைந்தால் காதுக்குச் சத்தம் பாதியானது போலத் தோன்றும். ஏறக்குறைய அந்த அளவு வித்தியாசம், கேட்பவர் எதையும் இழக்காமலே கிடைக்கிறது. சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலி இந்தக் கணக்கை மாற்றும் என்பது உண்மைதான். என்றாலும் திசை மாறாது. கூம்பு வடிவ ஒலிபெருக்கி கூடாது என்று காவல்துறை அனுமதிக் கடிதங்களில் நிபந்தனை போடுவதும் இந்தக் காரணத்தால்தான். தூரத்தில் இருப்பவரை எட்டுவதற்கென்றே செய்யப்பட்ட கருவி அது. ஹைட் பார்க்கிலும் 2012க்குப் பிறகு கச்சேரிகள் நின்றுவிடவில்லை. மறு ஆண்டு வேறு நிறுவனம் பொறுப்பேற்று ஒலி அமைப்பை மாற்றியது. இன்றும் அங்கே கோடைக் கச்சேரிகள் நடக்கின்றன.

சத்தமாக இருந்தால்தானே திருவிழா, அடக்கி வாசித்தால் கூட்டம் வருமா என்று கேட்பவர்கள் உண்டு. கூட்டத்தின் நடுவே இருப்பவருக்குச் சத்தம் குறையப் போவதே இல்லை. குறைவது வெளியே கசியும் பங்குதான். மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவில் மைக்கே இல்லாமல் இளையோர் கச்சேரி நடந்துவருகிறது. மரத்தடியில் சுற்றி உட்கார்ந்து மக்கள் கேட்கிறார்கள். எல்லாக் கச்சேரியும் அப்படி நடக்க முடியாது. ஆனால் கேட்க வந்தவரின் காதுக்கு மட்டும் இசை போய்ச் சேர்ந்தால் போதும் என்ற எண்ணத்தோடு ஒரு நிகழ்ச்சியை அமைக்க முடியும் என்பதற்கு அது சான்று.

கடிகாரத்தை மட்டும் பிடித்துக்கொள்வதால் யார் நசுங்குகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2010இல் விதிகள் திருத்தப்பட்டபோது, இரவில் பொது இடத்தில் ஒலிபெருக்கி மட்டுமல்ல, இசைக்கருவியும் கூடாது என்று ஆனது. மூடிய அரங்குகளுக்கு விலக்கு உண்டு. குளிர்சாதன அரங்கில் நடக்கும் கச்சேரிக்கு அந்த விலக்கு கிடைக்கிறது. பாரதக் கூத்துக்குக் கிடைப்பதில்லை. காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் தெருக்கூத்து இரவில் தொடங்கி விடியும்போது முடியும் கலை. வேஷம் கட்டி, திரை பிடித்து, கட்டியங்காரன் பேசி, பாத்திரங்கள் ஒவ்வொன்றாக அறிமுகமாகவே நள்ளிரவு ஆகிவிடும். அதைப் பத்து மணிக்கு முடி என்றால் அது சுருங்காது, அழியும். புனேயில் 1953இல் தொடங்கிய சவாய் கந்தர்வ இசை விழா ஒரு காலத்தில் விடிய விடிய நடந்தது. பத்து மணித் தடைக்குப் பிறகு அது மாலை விழாவாக மாறிவிட்டது. பின்னிரவுக்கு உரிய ராகங்களை அந்தப் பந்தலில் கேட்கும் வாய்ப்பு அருகிப்போனது. பெரும் பெயர் பெற்ற விழாவுக்கே இந்த நிலை என்றால், பெட்டியைச் சுமந்து ஊர் ஊராகப் போகும் கூத்துக் குழுவுக்கு யார் பரிந்து பேசுவார்கள்? கூத்தில் சப்-வூஃபர் இல்லை. அதன் மத்தளமும் முகவீணையும் ஊருக்கு மட்டும் கேட்கும் அளவு; கேட்கும் ஊரும் அதற்காகவே விழித்திருக்கும் ஊர்.

மாநில அரசு கையில் ஒரு சிறு வழி ஏற்கெனவே இருக்கிறது. ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல், பண்பாட்டு, சமய விழாக்களுக்கு நள்ளிரவு 12 வரை அனுமதிக்கலாம். 2005 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் இந்த அதிகாரத்தை ஏற்றது. மகாராஷ்டிரத்தில் அந்த நாள்கள் மாவட்டவாரியாக முன்கூட்டியே அறிவிக்கப்படுகின்றன. தமிழ்நாட்டிலும் அந்தந்த மாவட்டத்து விழா நாள்களுக்கு ஏற்ப ஆண்டுத் தொடக்கத்திலேயே பட்டியல் வெளியானால், நோயாளி இருக்கும் வீடும் தேர்வு எழுதும் பிள்ளையும் முன்னேற்பாடு செய்துகொள்ள முடியும். எப்போது முடியும் என்று தெரிந்த சத்தத்தைவிட, எப்போது முடியும் என்று தெரியாத சத்தமே மனிதரை அதிகம் வதைக்கிறது. நள்ளிரவையும் தாண்டும் கூத்துக்கு மத்திய விதியிலேயே திருத்தம் வேண்டும்; அதை மாநிலம் கேட்டுப் பெற வேண்டும்.

சரி, யார் அளப்பது? காவல் நிலையத்துக்கு ஆயிரம் வேலை என்பார்கள். அளக்கும் கடமையை நிகழ்ச்சி நடத்துபவர் மீதும் சவுண்ட் சர்வீஸ் உரிமையாளர் மீதும் வைக்க வேண்டும் என்பதே என் பதில். திடலின் எல்லையில் ஒரு டெசிபல் மீட்டர், அதன் பதிவு, புகார் வந்தால் காட்ட வேண்டிய பொறுப்பு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2011இலிருந்து ஏழு பெருநகரங்களில் ஒலி அளவு நிலையங்களை அமைத்தது. சென்னையில் மட்டும் பத்து இடங்களில் அவை உள்ளன. நகரம் முழுவதையும் அளக்க முடிகிற நாட்டில் ஒரு திடலை அளக்க முடியாது என்பதை ஏற்க முடியவில்லை. இன்னொரு தடை சொல்லப்படும்: சாலை இரைச்சலே 55ஐத் தாண்டிக் கிடக்கிறதே, கச்சேரியின் பங்கை எப்படிப் பிரிப்பது? சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியில் ஒரு தேவாலயத்தின் ஒலிபெருக்கிக்கும் டிரம்ஸுக்கும் எதிராகக் குடியிருப்போர் சங்கம் தொடர்ந்த வழக்கில் இதே வாதம் வந்தது. இரைச்சலுக்குக் காரணம் வாகனங்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அறிக்கையே சொன்னது. ஆனாலும் ஒலிபெருக்கியின் அளவைக் குறைத்து வைக்க வேண்டும் என்ற உத்தரவை 2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. சாலை சத்தம் போடுகிறது என்பது இன்னொருவருக்கு உரிமம் ஆகாது. நிகழ்ச்சிக்கு முன் ஒரு முறையும் நடக்கும்போது ஒரு முறையும் அளந்தால் வித்தியாசம் தானாகத் தெரியும்.

அளவீட்டிலும் ஓர் ஓட்டை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. விதிகள் சொல்லும் டெசிபல் கணக்கு மனிதக் காதின் உணர்வுக்கேற்பத் திருத்தப்பட்டது. அடித்தொனியை அது வெகுவாகக் குறைத்துக் காட்டும். பக்கத்து வீட்டுக் கதவையும் நெஞ்சையும் அதிரவைப்பது அந்த அடித்தொனிதான். சுவர்களால் அதைத் தடுக்கவும் முடிவதில்லை. மீட்டர் 65 காட்டும்போதே வயதானவர் படுக்கையில் புரண்டுகொண்டிருக்கலாம். எனவே குடியிருப்பு நடுவே சப்-வூஃபருக்குத் தனி வரம்பும், இரவு ஒன்பது மணிக்கு மேல் முழுத் தடையும் வேண்டும் என்கிறேன். மெல்லிசைக் குழுக்களுக்கு இது கசக்கும். இசை நிகழ்ச்சி நின்றுபோவதைவிட இந்தக் கசப்பு மேல்.

திருவிழாத் திடலை ஒட்டிப் புதிதாக எழும் அடுக்குமாடிகளின் கதை வேறு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2014இலும் இங்கிலாந்து 2018இலும், ஏற்கெனவே இசை நடக்கும் இடத்தருகே புதிதாகக் கட்டுபவரே ஒலித் தடுப்புக்குப் பொறுப்பு என்று திட்ட விதிகளில் சேர்த்தன. நியாயமான கொள்கைதான். ஆனால் அது ஜன்னலை மூடி வாழும் குளிர்நாட்டுக்குச் செய்தது. சித்திரை வெயிலில் ஜன்னலைத் திறந்து வைத்துப் படுப்பவரிடம் இரட்டைக் கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொல்ல முடியாது. இங்கே பொருந்துவது இவ்வளவுதான்: பக்கத்தில் திடல் இருக்கிறது, ஆண்டுக்கு இத்தனை நாள் விழா நடக்கும் என்பதை வீடு விற்பவர் பத்திரத்திலேயே எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஊரே சம்மதித்த பின் ஒருவர் மட்டும் எதிர்ப்பதா என்ற கேள்வி கடைசியில் எப்போதும் வரும். கிராமசபையிலோ நகரத்துப் பகுதி சபையிலோ விழா நாள்களையும் நேரத்தையும் பேசி முடிவெடுப்பது நல்லது, அது வேண்டும். ஆனால் அந்த முடிவு எத்தனை நாள், எந்த நேரம் என்பதைத்தான் தீர்மானிக்கலாம். டெசிபல் வரம்பைக் கைதூக்கி மாற்ற முடியாது. இதய நோயாளி ஒருவரின் ஜன்னலில் விழும் சத்தத்தை அடுத்த தெருவின் பெரும்பான்மை முடிவு செய்வதற்கில்லை. புகார் சொன்னவரின் பெயர் வெளியே தெரியாமல் இருப்பதும் முக்கியம். சிற்றூரில் கோயில் விழாவைப் பற்றிப் புகார் சொன்னவர் ஊரோடு பகைத்தவராகிவிடுவார். அந்த அச்சத்தால் பலர் வாய் திறப்பதில்லை. மீட்டரின் பதிவு கட்டாயமானால், சத்தம் வரம்பை மீறியதைச் சொல்ல ஒரு மனிதர் முன்வர வேண்டிய தேவையே இருக்காது. காவல் துணைக் கண்காணிப்பாளர் கையெழுத்திடும் அனுமதிக் கடிதத்தில் நேரத்துக்கான நிபந்தனைக்குக் கீழே எல்லையில் அனுமதிக்கும் டெசிபல், பதிவுப் பாட்டுக்கான மொத்த மணி நேரம், அளப்பவரின் பெயர் என்று மூன்று வரிகள் சேர வேண்டும். அடுத்த ஆடி மாதத்துக்குள் இதைச் செய்துவிடலாம்.