நாற்றமா? நல்ல காவலன்!

கரியணு ஒன்று, அதனைச் சூழ்ந்து ஹைட்ரஜன் அணு நான்கு. அதுதான் மீத்தேன்! நிறமில்லை, மணமில்லை. அடுப்பிலே எரிந்தால் அன்னமிடும். அறையிலே கசிந்து காற்றோடு கலந்தால், ஒரு பொறி போதும், ஆளையே விழுங்கும்!

1937 மார்ச் 18. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம், நியூ லண்டன் பள்ளி. எண்ணெய் வயல் தொழிலாளர்தம் செல்வங்கள் பயின்ற இடம். சிக்கனம் கருதி, எண்ணெய் வயலிலே கழித்த எரிவாயுவை இழுத்துக்கொண்டனர் நிர்வாகத்தார். கசிந்தது, நாசி அறியவில்லை! ஒரு மின்பொறி. ஏறத்தாழ 300 உயிர்கள்!

அதன்பின் அம்மாநிலத்திலே சட்டம் பிறந்தது: எரிவாயுவுக்கு நாற்றமூட்டுக!

நம் வீட்டு சிலிண்டரில் உள்ள புரோப்பேனும் பியூட்டேனும் மீத்தேனின் அண்ணன்மார். அவற்றுக்கும் நாற்றம் ஊட்டப்பட்டதே. வாடை வந்தால் விளக்கின் விசையைத் தொடாதீர், கதவைத் திறவுங்கள்! அது பிஞ்சுகள் உயிர் கொடுத்து வாங்கிய எச்சரிக்கை!